வரமும் வரலாறும்



அண்மைக் காலமாக நம் பள்ளிக்கு வந்து போகும் பெற்றோர்கள் ஒரு குறையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். "சார், பையன் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் போனைத் தட்டிக்கிட்டே இருக்கான். என்னடான்னு கேட்டா கதை எழுதுறேன்றான். கதை எழுதுறவன் நோட்டுல எழுத வேண்டியதுதானே?" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி நம் எண்ணத்தை மாற்றியது. அந்நிகழ்ச்சியில் நாம் செய்த பிழை ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் இன்றைய உரையில் சொல்லிவிட நினைக்கிறோம்.

கோலாலம்பூரில் வாழும் நேயர்களுக்குக் காஜாங் என்றதும் சாத்தே நினைவுக்கு வரும். 2017ஆம் ஆண்டுக்குப் பிறகு எம்.ஆர்.டி. இரயில் வந்து நிற்கும் கடைசி நிலையம் என்பதும் நினைவுக்கு வரலாம். நம்மவர்களுக்கோ இது தோட்டப் பூமி. மலாயாவில் இரப்பர் வணிகப் பயிராகத் தலையெடுத்த 1890களிலேயே காஜாங் வட்டாரத்தின் இன்ச் கென்னத் தோட்டத்தில் அது நடப்பட்டுவிட்டது. நாம் பணியாற்றுவதும் இவ்வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில்தான். பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது. பள்ளியைச் சுற்றித் தோட்டம் இல்லை. பால்மரம் நின்ற இடங்களில் மாடி வீடுகள் நிற்கின்றன.

சனிக்கிழமை காலைகளில் நம் பழைய மாணவர்கள் சிலர் தமிழ் படிக்க வருவார்கள். இப்போது இடைநிலைப்பள்ளியில் முதற்படிவத்திலும் இரண்டாம் படிவத்திலும் பயில்பவர்கள். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து புலனக் குழு ஒன்றை அமைத்துக்கொண்டு, அதில் ஒரு கதையாட்டம் ஆடி வந்தார்கள். லங்காட் ஆற்றுக்கு அடியில் ஓர் இராச்சியம் இருக்கிறதாம். அந்த இராச்சியத்தில் எட்டுப் பேரும் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் எழுதுவான்: "வாயிற்கதவை நான் உதைத்துத் திறக்கிறேன்." உடனே இன்னொருத்தி எழுதுவாள்: "கதவுக்குப் பின்னால் நான் வில்லோடு நிற்கிறேன்." மூன்றாமவன் அடுத்த வரியைச் சேர்ப்பான். இப்படியே கதை நகரும். முழுக்கதையும் எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. யார் வரிசை தவறினாலும் எடுத்துச் சொல்லவும், காவலர், வணிகர், பேய், பூதம் ஆகிய சில்லறை வேடங்களையெல்லாம் தானே ஏற்கவும் ஒருவன் இருப்பான். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலைதான் அது. இதை நாம் சொன்ன நாள் முதல் அக்குழுவில் அந்தப் பையனுக்குக் கட்டியங்காரன் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இத்தகைய ஆட்டம் நம் பிள்ளைகள் கண்டுபிடித்ததன்று. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசையாட்டத்தை வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். உடல்வலிமை, அறிவு, விவேகம், கைத்திறன், தாங்குதிறன், கவர்ச்சி ஆகிய ஆறுக்கும் தனித்தனியே மூன்று பகடைகளை உருட்டி, விழும் எண்ணைப் பதிந்துகொள்வர். பிறகு 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் கணினி ஆட்டம் வந்தது. படமே கிடையாது, எல்லாம் எழுத்து. பலர் ஒரே நேரத்தில் ஓர் உலகத்தில் நடமாடலாம். நம் பிள்ளைகள் ஆடுவது அதன் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் பகடையும் இல்லை, கணக்கு வைக்கும் கணினியும் இல்லை. எழுதியது நடந்ததாகும். தொல்லையும் அங்கேதான் பிறக்கிறது.

ஒரு சனிக்கிழமை எட்டுப் பேரில் ஏழு பேர் மட்டும் ஒன்றாக வந்து நின்றார்கள். "சார், அவன்கூட வெளையாட முடியாது சார். எது செஞ்சாலும் எனக்கு ஒன்னும் ஆகாதுன்றான். ஓ.பி. சார் அவன்" என்றாள் ஒரு மாணவி. ஓ.பி. என்றால் என்ன என்று கேட்டோம். அளவுக்கு மீறிய வலிமை உடையவன் என்பதன் சுருக்கமாம். அந்த எட்டாவது பையன் படைத்த வீரனுக்குப் பதினொரு சக்திகள். காலத்தை நிறுத்துவான். எந்த ஆயுதமும் அவன் உடலில் பாயாது. பறப்பான். பிறர் மனத்தைப் படிப்பான். செத்தாலும் எழுவான். மீதியை நாம் மறந்துவிட்டோம். இத்தனைக்கும் ஈடாக மூன்று பக்க முன்கதை எழுதியிருந்தான். பெற்றோர் இல்லை, ஊர் அழிந்தது, காட்டில் தனியே வளர்ந்தான் என்று ஒரே துயரம். இவ்வளவு துன்பப்பட்டவனுக்கு இவ்வளவு சக்தி வேண்டாமா என்பது அவன் வாதம்.

இந்த வாதத்தைப் பிள்ளைகளின் வாதம் என்று தள்ளிவிடலாகாது. பெரியவர்கள் எழுதும் கதைகளிலும் படங்களிலும் இதே கணக்கைக் காண்கிறோம். துயரத்தைக் கூப்பன்போல் வெட்டிக் கொடுத்து வலிமை வாங்குகிற கணக்கு அது. முதல் காட்சியில் கதாநாயகனின் தாயைக் கொன்றுவிட்டால், கடைசிக் காட்சியில் அவன் ஐம்பது பேரை அடிக்கலாம். திரைப்படத்தில் இது செல்லும். அங்கே அவன் ஒருவனுக்காகத்தான் கதை. எட்டுப் பேர் ஆடும் கதையில் எட்டுப் பேரும் கதாநாயகர்கள். ஒருவன் எல்லாக் கதவையும் அடைத்து வைத்திருந்தால், மற்ற ஏழு பேருக்கும் சந்து தேடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

இரணியன் கதையை நினைத்துப் பாருங்கள். மனிதனாலும் விலங்காலும் சாவு கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது என்று அவன் வரம் வாங்கினான். அந்த நேரத்திலிருந்து அவனை எப்படி வெல்வது என்னும் ஒரே புதிரைச் சுற்றித்தான் கதை ஓடுகிறது. நரசிங்கம் தூணைப் பிளந்துகொண்டு வந்தது புதிருக்கு விடை. இரணியன் கதையில் நம் மனத்தில் நிற்பவன் யார்? எந்த வரமும் வாங்காத சிறுவன் பிரகலாதன். இராவணனும் தேவர், அசுரர் என்று பட்டியல் போட்டு வரம் கேட்டவன், மனிதனைப் பொருட்டாக மதியாமல் விட்டான். அங்கே வரத்தின் ஓட்டை அவனுடைய செருக்கிலிருந்தே வருகிறது. இரணியனைவிட இராவணன் சிறந்த பாத்திரமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

நம் பிழைக்கு வருவோம். ஏழு பேரின் வழக்கைக் கேட்டதும் நமக்கு ஆசிரியருக்கே உரிய சுறுசுறுப்பு வந்துவிட்டது. இத்தகைய ஆட்டங்களின் விதிநூல்களைத் தேடிப் படித்தோம். நன்றாகத்தான் சிந்தித்திருக்கிறார்கள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் பகடைக்குப் பதிலாக ஒரு கணக்கு முறையும் உண்டு. ஆறு திறன்களும் எட்டு என்ற அளவில் தொடங்கும். கையில் 27 புள்ளிகள். பதின்மூன்று வரை ஏற ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி. அதற்குமேல் ஒவ்வொரு படிக்கும் இரண்டு புள்ளி. பதினைந்துக்கு மேல் வாங்க இயலாது. பதினைந்து வேண்டுமானால் ஒன்பது புள்ளி போய்விடும். மூன்று திறன்களைப் பதினைந்தாக்கினால் 27 புள்ளியும் தீர்ந்து, மீதி மூன்றும் எட்டிலேயே கிடக்கும். உச்சிக்குப் போகப் போக விலை ஏறுகிறது. சந்தைக்குப் போய்வந்தவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

1986இல் ஸ்டீவ் ஜாக்சன் என்பவர் வெளியிட்ட 'கர்ப்ஸ்' என்னும் ஆட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. பாத்திரத்துக்கு ஒரு குறையை ஏற்றுக்கொண்டால் அதற்காகக் கூடுதல் புள்ளி கிடைக்கும். கண் தெரியாது, கோபம் அடங்காது, கொடுத்த வாக்கை மீற முடியாது என்று பல குறைகள். நல்ல ஏற்பாடு. ஆனால் மனிதனின் புத்தி எங்கே போகும் என்று எண்ணுகிறீர்கள்? கதையில் ஒருநாளும் தலைகாட்டாத குறையாகப் பார்த்து எடுப்பார்கள். நம் குழுவிலேயே ஒருவன், பனி பெய்தால் தன் வீரனுக்கு வலிமை போய்விடும் என்று எழுதி வைத்திருந்தான். லங்காட் ஆற்றுக்கு அடியில் எங்கே பனி பெய்யும்? கட்டியங்காரனுக்கு அது தோன்றவே இல்லை. நமக்கும் அன்று தோன்றவில்லை.

இந்த அறிவையெல்லாம் திரட்டிக்கொண்டு நாம் ஒரு பத்துப் புள்ளித் திட்டம் தீட்டினோம். சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தப் பையனின் பதினொரு சக்திகளில் எட்டை நாமே அடித்தோம். முன்கதை மூன்று பக்கம் கூடாது, ஐந்து வரி போதும் என்று அதையும் வெட்டினோம். பொதுவாகப் பார்த்தால் அந்த அறிவுரை தவறானதன்று. ஆட்டம் தொடங்குமுன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டால், ஆட்டத்தில் நடப்பதற்கு என்ன மிஞ்சும்? வார இதழ்த் தொடர்கதைகளில் வரும் முன்கதைச் சுருக்கம் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு இருந்தால் போதும் என்பது நம் கொள்கை. பையன் ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அன்றிரவே குழுவிலிருந்து விலகிவிட்டான். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கும் வரவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

மூன்றாம் வாரம், அன்று அதிகமாகக் குறை சொன்ன மாணவியே நம்மிடம் வந்தாள். "சார், நீங்க வெட்டினீங்கள்ல, அந்தக் காடு... அது அவன் இருந்த தோட்டம் சார். எங்க ஆயா வீடும் அங்கதான் இருந்திச்சு" என்றாள்.

அந்த மூன்று பக்கத்தின் படி நம்மிடம் இருந்தது. எடுத்துப் படித்தோம். முதல் முறை படித்தபோது கண்ணில் பட்டவை பேய்களும் தீயும்தான். இடையிலே ஒரு பகுதி. வெள்ளை இரத்தம் வடிக்கும் மரங்கள் நிறைந்த காட்டில் வீரனின் மக்கள் வாழ்ந்தார்கள். ஒருநாள் இரும்பு யானைகள் வந்து மரங்களைத் தள்ளின. வீரனுக்கு அப்போது ஒன்பது வயது. கிணற்றிலிருந்து எண்ணினால் பதினான்காவது மரத்துக்கு நேரே அவன் வீடு. மரங்கள் போன பிறகு அவன் கிணற்றடியில் நின்று பார்த்தான். எண்ணுவதற்கு மரம் இல்லாததால் வீடு இருந்த இடம் அவனுக்குத் தெரியவில்லை. இந்த வரிகளின்மேல் நம் சிவப்புக் கோடு நேராக ஓடியிருந்தது.

செமினிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நான்காம் ஆண்டில் நம் பள்ளிக்கு மாறி வந்த மாணவன் அவன். மாற்றல் கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றியவர்களே நாம்தான். ஏன் மாறி வந்தாய் என்று அன்று கேட்கவில்லை.

அன்று மாலையே அவன் குடும்பம் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குச் சென்றோம். அவன் தாயார் தேநீர் கொடுத்தார். பையன் கதவோரம் நின்றான். ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது நம் வழக்கத்தில் இல்லை. நமக்கும் தொண்டை ஒத்துழைக்கவில்லை. ஆதலால் கர்ணன் கதையைப் பேசத் தொடங்கினோம்.

பி. ஆர். பந்துலு இயக்கி 1964இல் வெளிவந்த 'கர்ணன்' படத்தை, நாம் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டினார்கள். படம் முடிந்த பிறகுதான் உண்மையான படமே தொடங்கும். கர்ணன் பெரியவனா, அர்ச்சுனன் பெரியவனா என்று லயத்து வாசலில் நள்ளிரவு வரை வழக்கு நடக்கும். பால் வெட்டிக் காய்த்த கையோடு ஒரு பெரியவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "கர்ணன் தோத்தான்னு எவன்டா சொன்னது? அவன்கிட்ட இருந்ததை எல்லாரும் வந்து வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க."

அந்தப் பெரியவர் எந்த விதிநூலும் படித்தவரல்லர். இருப்பினும் வலிமையையும் முன்கதையையும் எப்படி ஈடு கட்டுவது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் இன்றுவரை கண்டதில்லை. கர்ணனின் சக்திகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிறக்கும்போதே கவசமும் குண்டலமும். பரசுராமரிடம் கற்ற அத்திரங்கள். இந்திரன் தந்த சக்தி ஆயுதம். நம் பையனின் வீரனுக்குக் குறைந்தவனல்லன். ஆனால் ஒவ்வொரு சக்தியும் ஒரு நிகழ்ச்சியிலிருந்து வந்தது; அந்த நிகழ்ச்சியே ஒரு கடனையும் விட்டுச் சென்றது. அந்தணன் என்று பொய் சொல்லி அத்திரம் கற்றான். மடியில் தலை வைத்து உறங்கிய குரு விழித்துவிடக் கூடாதே என்று, வண்டு தொடையைத் துளைத்தபோதும் அசையாமல் இருந்தான். அந்தப் பொறுமையே அவன் அந்தணன் அல்லன் என்று காட்டிக்கொடுத்தது. வேண்டிய நேரத்தில் அத்திரம் மறந்துபோகும் என்று சாபம். கவசத்தை இந்திரன் வந்து கேட்டு வாங்கிப் போனான். கொடுத்தது கர்ணனின் கொடை. ஈடாக வந்த சக்தி ஆயுதமோ ஒரே முறை பயன்படும். அது கடோற்கசன்மேல் செலவாகிவிட்டது. குந்தி வந்து மகனே என்று அழைத்து வாக்கு வாங்கினாள். எவரும் கர்ணனின் வலிமையைச் சிவப்புப் பேனாவால் அடிக்கவில்லை. அவன் முன்கதையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தத்தம் பங்கைக் கேட்டார்கள். ஆதலால்தான் அவன் வலிமையும் குறையவில்லை. மற்றவர்களுக்கும் கதையில் வேலை இருந்தது.

அபிமன்யு இன்னும் சிறிய எடுத்துக்காட்டு. தாயின் வயிற்றில் இருந்தபோது வியூகத்தை உடைத்துப் புகும் வழியைக் கேட்டான். வெளியேறும் வழியைக் கேட்கவில்லை. ஒரே முன்கதை அவனுக்கு வலிமையையும் கொடுத்தது, குறையையும் கொடுத்தது. இரண்டையும் பிரித்து எழுதவே முடியாது. நம் மலாய் நண்பர்களின் ஹங் துவா கதையிலும் இதைக் காணலாம். தாமிங் சாரி என்னும் கெரிசை உடையவனை வெல்ல முடியாது. ஹங் துவா அதை மஜபாகித்து வீரனிடமிருந்து சூழ்ச்சியாகப் பெற்றான். பின்னர் அது ஹங் ஜெபாட்டின் கைக்குப் போனபோது, தன் உற்ற நண்பனிடமிருந்து அதை மீண்டும் சூழ்ச்சியாகவே மீட்க வேண்டி வந்தது. வலிமை உடம்பில் இல்லாமல் ஒரு பொருளில் இருந்தால் அது கைமாறும். கைமாறினால் கதை பிறக்கும்.

பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு மெல்ல, "வன் பீஸ்லயும் அப்படித்தான் சார்" என்றான். 1997 முதல் எய்ச்சிரோ ஓடா என்னும் ஜப்பானியர் வரைந்து வரும் படக்கதையாம் அது. ஒருவகை மாயக் கனியைத் தின்றவனுக்கு அரிய சக்தி வரும். ஆனால் அதன்பின் அவனால் நீந்த முடியாது. கதையோ முழுக்கக் கடற்கொள்ளையர் கதை. கதாநாயகனுக்கு என்ன சக்தி என்று கேட்டோம். "ரப்பர் சார். ஒடம்பே ரப்பர் மாதிரி இழுக்கும்" என்றான். தோட்டப் பள்ளி ஆசிரியரிடம் இதைச் சொன்னதும் அவன் தாயாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். கதவோரத்திலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். எப்போதும் கடலில் திரிகிறவனுக்கு நீந்தத் தெரியாது என்ற குறைக்கும், ஆற்றடியில் இருப்பவனுக்குப் பனி ஆகாது என்ற குறைக்கும் உள்ள வேற்றுமை அப்போதுதான் நமக்கு விளங்கியது.

மடித்து வைத்த தாளை எடுத்து வரச் சொன்னோம். பதினொரு சக்திகளில் எவை அந்தக் காட்டிலிருந்து வந்தவை என்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் பார்த்தான். காலத்தை நிறுத்துவதை விரலால் தொட்டுக் காட்டினான். ஏன் என்று கேட்டதற்கு, "அன்னைக்கு அவன் அதைத்தான் சார் கேட்டான்" என்றான். இரும்பு யானை முதல் மரத்தைத் தள்ளுமுன் பொழுது அப்படியே நின்றுவிட வேண்டும் என்று வீரன் கேட்டானாம். மற்றப் பத்தும்? "அதெல்லாம் சும்மா சார். மத்தவங்க வச்சிருந்தாங்க, அதான்."

நாம் எட்டை அடித்தபோது எழுந்து போனவன், தானே பத்தை அடித்தான். முன்கதையில் நாம் வெட்டியதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டான். பேய், தீ, பெற்றோரின் சாவு ஆகியவற்றை அவனே எடுத்துவிட்டான். "அப்பா அம்மா இருக்கட்டும் சார்" என்றான். உள்ளே அவன் தாயார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

சரி, அந்த ஒரு சக்திக்கு விலை என்ன? காலத்தை நிறுத்துபவன் எல்லாச் சண்டையிலும் நிறுத்தினால் பழைய தொல்லைதானே? அவனே ஒரு விலை வைத்தான். ஒவ்வொரு முறை காலத்தை நிறுத்தும்போதும் காட்டைப் பற்றி வீரனுக்கு நினைவிருக்கும் ஒன்று மறந்துபோகும். 2011இல் நம் நாட்டில் தொடங்கிய 'போபோய்போய்' கேலிச்சித்திரத்தில், நாயகன் பல உருவாகப் பிரிந்து நெடுநேரம் இருந்தால் நினைவை இழந்துவிடுவானாம். அதைப் பார்த்து எழுந்த எண்ணம் என்று ஒப்புக்கொண்டான். இருக்கட்டுமே. கடன் வாங்காத கவிஞன் எவன்?

மறு சனிக்கிழமை குழு கூடியது. எல்லாரும் உடனே கட்டித் தழுவிக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். விலை இருக்கிறது என்றால் போதாது, எல்லையும் வேண்டும் என்று அந்த மாணவி பிடிவாதமாக நின்றாள். அவள் சொன்னது சரியே. விலையைச் செலுத்துவது அவன் கையில் இருக்கிறது; எல்லையோ எல்லாருக்கும் தெரியும். பத்து எண்ணும் வரைதான் காலம் நிற்கும். தண்ணீரில் கால் நனைத்து நிற்பவர்களை அது கட்டுப்படுத்தாது என்று முடிவாயிற்று. பனிக்கு அஞ்சும் வீரனையும் அவள் விடவில்லை. அவன் இப்போது வெயிலுக்கு அஞ்சுகிறான். கரையேறும் போதெல்லாம் படாத பாடு படுகிறான். நம் பத்துப் புள்ளித் திட்டம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கட்டியங்காரன் அதை வைத்திருக்கிறான். புதிதாகச் சேர்ந்த ஒருவன் பன்னிரண்டு சக்திகளோடு வந்தபோது, முதலில் அதைத்தான் நீட்டினான். அறிமுகம் இல்லாதவர்கள் ஆடத் தொடங்கும்போது புள்ளிக்கணக்கு பயன்படுகிறது என்றே சொல்ல வேண்டும். பிறகு ஒருவரையொருவர் அறிந்துகொண்டால் அதற்கு அவ்வளவு வேலை இருப்பதில்லை.

முன்கதையின் நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து வரி என்ற நம் சட்டம் இப்போது இல்லை. அதற்கு மாறாக, முன்கதையில் பிறர் வந்து நுழைய ஓர் இடமாவது விட்டிருக்கிறாயா என்று கேட்கிறோம். காணாமற்போன அண்ணன், திருப்பித் தராத வாள், பெயர் சொல்லாமல் உதவிய கிழவி என்று ஏதேனும் ஒன்று. பெற்றோர், உற்றார் எல்லாரையும் கொன்றுவிட்டு வருகிற வீரனுக்கு முன்கதை நீளமாக இருக்கும். ஆனால் அதிலிருந்து எவரும் வந்து அவனிடம் எதையும் கேட்க முடியாது. பிள்ளைகள் அனாதை வீரர்களை விரும்புவதற்கு அதுவே காரணமோ என்று நமக்கு ஓர் ஐயம். வீட்டிலே ஒன்பது மணிக்குப் படு என்று சொல்ல ஆள் இருக்கிறவர்களுக்கு அது கவர்ச்சியாகத்தான் இருக்கும்.

வகுப்பிலும் இதனால் சிறு பயன் கண்டோம். கற்பனைக் கட்டுரை எழுதச் சொன்னால் முன்பெல்லாம் மந்திரக்கோல் கிடைத்தது, எல்லாம் நடந்தது, கனவு கலைந்தது என்று முடித்துவிடுவார்கள். இப்போது அந்தக் கோலை யார் கொடுத்தார், பதிலுக்கு என்ன கேட்டார் என்று அவர்களே ஒருவரையொருவர் கேட்கிறார்கள். கனவு கலைவது குறைந்திருக்கிறது. இரவு பதினோரு மணி வரை தொலைபேசியைத் தட்டுவதற்கு நாம் உடன்பாடில்லை. அதைத் தாய்மாரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறோம். ஒன்பதரைக்கு மேல் எழுதுபவரின் பாத்திரம் அன்றிரவு உறங்கிவிட்டதாகக் கொள்ளப்படும் என்று கட்டியங்காரனிடம் ஒரு விதி சேர்க்கச் சொன்னோம். முணுமுணுத்தார்கள்; சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பையனின் வீரன் திரும்பி வந்தபின், முதல் இரண்டு மாதங்களில் காலத்தை ஒரே ஒருமுறைதான் நிறுத்தினான். காட்டுக் கோவிலின் மணியோசை மறந்துபோயிற்று. இரண்டாம் முறை, தன் நாயின் பெயர். சென்ற சனிக்கிழமை மூன்றாம் முறையாக நிறுத்தினான். நீர்ச்சிறையில் அகப்பட்ட பாடகியின் தம்பியை மீட்க வேறு வழியில்லை. பாடகி வேடம் அந்த மாணவியினுடையது. தம்பி பிழைத்தான். வீரனுக்குக் கிணற்றிலிருந்து வீட்டுக்குப் போகும் வழி மறந்துவிட்டது என்று பையன் எழுதினான்.

சற்று நேரம் குழுவில் எவரும் எழுதவில்லையாம். பிறகு பாடகி எழுதினாள்: "எனக்குத் தெரியும். கிணற்றிலிருந்து எண்ணிக்கொண்டு வா. பதினைந்தாவது மரம்."

பையன் உடனே வேடத்தை மறந்து, "பதினாலு" என்று எழுதினான். "பதினஞ்சு. கெணத்துக்குப் பக்கத்துல சாய்ஞ்சு ஒன்னு நின்னுச்சே, அதை நீ எண்ணல" என்று அவளும் வேடத்தை விட்டுவிட்டு எழுதினாள். ஒன்பதரை மணி விதியைக் காட்டிக் கட்டியங்காரன் இருவரையும் உறங்க வைத்திருக்கிறான். வழக்கு இன்னும் தீரவில்லை. வரும் சனிக்கிழமை அவளுடைய ஆயாவைப் பள்ளிக்கு அழைத்து வந்து கேட்டுவிடுவதாக ஏற்பாடு.